ஒரே ஒரு ரகம்தான் வைக்க முடியும் என்றால் எதை வைப்பீங்க?

மே 12 – திருப்பூரிலிருந்து ஒரு கேள்வி

வீட்டுக்குப் பின்னாடி பத்தடிக்கு எட்டடி மண் தரை இருக்குங்க. காலையில் இருந்து மூணு மணி வரைக்கும் வெயில். போர் தண்ணிதான், கொஞ்சம் உப்பு. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவங்க. போன வருசம் தக்காளி, வெண்டை, பாகல், கீரைன்னு எல்லாத்தையும் வெச்சு எதையும் சரியாப் பார்க்க முடியல. இந்தத் தடவை ஒரே வகைச் செடி, அதிலும் ஒரே ரகம்னு முடிவு பண்ணிட்டேன். எதை வைக்கலாம்? காரணத்தோட சொல்லுங்கண்ணா.

மே 12, இரவு

கத்தரி வையுங்க. ரகம், நெகமம் பக்கத்து வரிக்கத்தரி. வெளிர் பச்சையில் ஊதா வரி ஓடும், கொஞ்சம் நீள வாக்கில் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் நான் சின்ன வயதில் பார்த்துப் பழகிய காய் அதுதான்.

காரணம் கேட்டீங்க. முதலில் காலக் கணக்கு. கீரை ஒரு மாதத்தில் முடியும். வெண்டை மூணு மாதம். தக்காளி நாலு, நாலரை மாதத்தில் காய்ந்துவிடும், அதற்குள் இலை சுருட்டை வந்தால் அதுவும் இல்லை. அவரை நல்ல செடிதான், ஆனால் நம்ம கொடி அவரை பகல் நேரம் குறையும் காலத்தில்தான் பூவெடுக்கும். ஆடியில் போட்டால் மார்கழி, தை வரைக்கும் பந்தலைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். கத்தரி நட்ட இரண்டாம் மாதக் கடைசியில் காய்க்க ஆரம்பித்து, ஓயும்போது கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மறுபடி தழைத்து வரும். வேலைக்குப் போகிற வீட்டுக்கு ஒருமுறை நட்டு ஒரு வருசம் காய் பறிக்கிற செடிதான் சரிப்படும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஒரே ரகம் வைத்தால் விதை உங்களுடையதாகவே இருக்கும். இதைத் தனியாக எழுதணும், நாளைக்கு எழுதுகிறேன்.

மே 13 – மூலனூர் நண்பர்

எங்க ஊரை மறந்துட்டு வீட்டுத் தோட்டத்தைப் பத்திப் பேசறீங்க! ஒரு முருங்கைப் போத்து ஊனினால் இலை, பூ, காய் மூணும் கிடைக்கும், தண்ணியும் வேண்டாம். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்னு சும்மாவா சொன்னாங்க, கைத்தடியே தேவைப்படாதுன்னு அர்த்தம்.

மே 13

மூலனூர், அரவக்குறிச்சி முருங்கைக்கு நான் எதிரி இல்லைங்க. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். பத்தடிக்கு எட்டடியில் முருங்கை வந்தால் அடுத்த வருசம் அந்த இடம் முழுக்க நிழல், அதற்குக் கீழ் ஒன்றும் வராது. கிளை லேசில் முறியும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளையே ஓட்டுகிறது. அந்தக் காற்றில் ஒரு கிளை பக்கத்து வீட்டு சீட் கூரை மேல் விழுந்தால் உறவே போய்விடும். மழை விட்டதும் மரத்தில் கொத்துக் கொத்தாக அடைகிற கம்பளிப்புழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டில் குழந்தை இருந்தால் கதவு திறக்க முடியாது.

சரி, விதை விஷயம். கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் வண்டு வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேரும். அதனால்தான் சான்று விதை (சான்று பெற்று விற்கிற விதை) எடுப்பவர்கள் ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் 100 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள், அந்தச் சான்று விதைக்குத் தாயான ஆதார விதைக்கு 200 மீட்டர். பத்தடி இடத்தில் மூணு ரகம் வைத்துவிட்டு விதை எடுத்தால் அடுத்த வருசம் என்ன காய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரியும் இல்லாத, ஊதாவும் இல்லாத ஏதோ ஒன்று வரும். ஒரே ரகம் வைத்தவருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. நீங்க நேரமில்லாமல் எடுத்த முடிவு, விதைக்கு எது நல்லதோ அதுவாகவே அமைந்துவிட்டது.

நாற்றுக் கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்க. பாக்கெட்டிலோ குழித்தட்டிலோ எஃப் 1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கிய விதை. காய் அழகாகவே வரும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச் செடி மாதிரி வராது, கலைந்து போகும். வருசா வருசம் கடைக்குப் போகணும். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அந்தக் கட்டாயம் எதற்கு?

மே 15

கோவையிலிருந்து ஒருத்தர், "நெகமம் விதைக்கு எங்கே போவது, வேறு ரகமே இல்லையா" என்று கேட்டிருக்கிறார். இருக்குங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகமே நெகமத்து வரிக்கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். வரிக்கத்தரி விதை யாரிடமும் கிடைக்காவிட்டால் கோ 2 கேட்டு வாங்குங்க, கிட்டத்தட்ட வீட்டுக்கு வந்த மாதிரிதான். எம்.டி.யூ. 1 மதுரைக் கள்ளம்பட்டிக் கத்தரியிலிருந்து வந்தது, உருண்டை, நல்ல ஊதா. கே.கே.எம். 1 முட்டை மாதிரி பால் வெள்ளை, கொத்தாகக் காய்க்கும். பாலூர் 1 பளபளப்பான ஊதா. இவை எல்லாமே ஒட்டு அல்லாத ரகங்கள், விதை எடுத்து வைக்கலாம். உங்க வீட்டில் எந்தக் காயைப் போட்டால் குழம்பு மிச்சமாகாமல் தீருகிறதோ அந்த ரகம்தான் உங்களுக்கு.

எனக்கு வரிக்கத்தரி என்றால் கடைசலுக்காக. வெந்ததும் தோல் தனியாக நிற்காது, மத்தில் இரண்டு சுற்றுக்குள் சோற்றோடு சேர்கிற பதம் வரும்.

மே 16

"கத்தரி அரிக்குமே, நாட்டு மருந்து சாப்பிட்டால் ஆகாதே" என்று இரண்டு பேர். உண்மைதான், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பத்தியத்தில் விலக்குவார்கள். வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் கத்தரியை விடுங்க. வீட்டில் சாப்பிடாத செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் வெண்டை சொல்வேன். அதையும் ஒரே ரகமாக, விதைக்கு இரண்டு செடி விட்டு.

மே 20 – திருப்பூர்

அண்ணா, அவினாசிப் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல வரிக்கத்தரி விதை கிடைச்சுது. மாமியாருக்கும் சந்தோசம். இப்பவே போடலாமா? எத்தனை செடி?

மே 20

இப்பவே போடுங்க. நம்ம பக்கம் கத்தரி நாற்றுக்கு மே–ஜூன் ஒரு பட்டம், டிசம்பர்–ஜனவரி ஒரு பட்டம். ஒரு பழைய தட்டிலோ டப்பாவிலோ மண்ணும் மண்புழு உரமும் கலந்து, விதையை அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் புதைக்காமல் தூவி, மேலே வைக்கோல் போட்டு மூடுங்க. முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிடணும், இல்லையென்றால் நாற்று நெட்டையாகி ஒடிந்து விழும். முப்பது, முப்பத்தைந்து நாளில் நடவுக்குத் தயார்.

நாலு பேர் வீட்டுக்கு ஆறு செடி போதும். தோட்டத்தில் இரண்டடிக்கு இரண்டடி நடுவார்கள். நீங்க இரண்டே முக்காலடி விடுங்க, உள்ளே போய் வரணும், காய் பறிக்கணும், அடி இலையைத் திருப்பிப் பார்க்கணும். இடம் மிச்சமிருக்கே என்று ஒரு தக்காளியைச் சொருகத் தோன்றும், வேண்டாம். செண்டுமல்லி மட்டும் ஓரத்தில் வையுங்க. அதன் வேர், மண்ணில் இருக்கிற நூற்புழுவைக் குறைக்கும்.

குழி ஒரு அடி ஆழம். மக்கின ஆட்டு எரு கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. காங்கயம், தாராபுரம் பக்கம் பட்டி போட்ட காட்டில் வெள்ளாமை எப்படி நிற்கும் என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புழுக்கை முழுசாகத் தெரிந்தால் இன்னும் மக்கவில்லை, இரண்டு மாதம் ஈரத்தோடு மூடி வைத்துப் பிறகு போடுங்க.

மே 23

உப்புத் தண்ணீர் பற்றி நேற்று யோசித்துக்கொண்டிருந்தேன். கத்தரி ஓரளவு உப்பைத் தாங்கும் என்று நான் தைரியமாக இருந்தேன். ஆனால் திருப்பூர் என்றால் எந்தப் பக்கம் என்று பார்க்கணும். நொய்யல் ஓரத்து நிலத்தடி நீர் சாயக் கழிவால் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பாசனத்துக்கே விட முடியாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் அது போனது. நீங்க ஆற்றோரத்து வீடாக இருந்தால் முதலில் போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்க. குடம் கழுவிக் கவிழ்த்தால் வெள்ளைப் படலம் படிகிற அளவு உப்பு என்றால் சும்மா இருக்காதீங்க. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வாரம் ஒருமுறை அதை நிறைய விட்டு வேர்ப் பகுதியைக் கழுவணும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல் மண்ணிலேயே தங்கும். நாள் விட்டு நாள், ஆனால் ஆழமாகப் பாய்ச்சுங்க.

மே 24

மொட்டை மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சி நார்க்கழிவுக் கட்டியை வாங்கி ஊற வைத்து அப்படியே பையில் போடுகிறார்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். வடியும் தண்ணீர் டீ நிறத்தில் இருந்து தெளிகிற வரை இரண்டு மூணு தடவை அலசுங்க. அதை மட்டும் வைத்து கத்தரி வளர்க்காதீங்க, செடி மஞ்சளாகி நிற்கும். செம்மண், தொழுவுரம், நார்க்கழிவு மூன்றும் சமமாக. பை ஒன்றேகால் அடி ஆழமாவது வேண்டும். ஒரு பைக்கு ஒரு செடி.

ஜூலை 2 – திருப்பூர்

நட்டு ரெண்டு வாரம் ஆச்சு. காத்து பிய்ச்சு எறியுது. ரெண்டு செடி சாஞ்சிருச்சு.

ஜூலை 2

மேற்குப் பக்கம் சோளத்தட்டை வரிசையாக நட்டு ஒரு தட்டி கட்டுங்க. இரண்டடி உயரம் போதும். சாய்ந்த செடிக்கு முட்டுக் கொடுத்து, எட்டு மாதிரி முடிச்சில் சணலால் தளர்வாகக் கட்டுங்க. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் தண்டு கெட்டியாகிவிடும்.

ஆகஸ்ட் 11 – திருப்பூர்

நிறையப் பூக்குது, பாதி கொட்டுது. போட்டோ எடுத்துப் பார்த்தா ஒரு பூவுக்கும் இன்னொரு பூவுக்கும் வித்தியாசம் தெரியுது. என்ன பண்றது?

ஆகஸ்ட் 11, இரவு

உங்க கண்ணுக்கு வித்தியாசம் பட்டதே, அதுதான் விஷயம். பொழுது விடிந்ததும் ஒரு பூவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்க. நடுவில் மஞ்சள் நிறத்தில் கூம்பு மாதிரி மகரந்தப் பைகள் சேர்ந்து நிற்கும். சில பூக்களில் அந்தக் கூம்பைத் தாண்டி ஒரு சின்னப் பச்சைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அது கூம்புக்குச் சமமாக இருக்கும். இந்த இரண்டும் காய் பிடிக்கும். இன்னும் சில பூக்களில் அந்தத் தலை கூம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அவை கொட்டத்தான் செய்யும், செடியின் குணம் அது. நீங்க எந்த டானிக் தெளித்தாலும் அவை நிற்காது. கொத்தாகப் பூத்தால் அடியில் இருக்கும் பெரிய பூதான் பெரும்பாலும் காயாகும், மற்றவை உதிரும். கொட்டியதை எண்ணாதீங்க, நீட்டிக்கொண்டிருப்பதை எண்ணுங்க.

நீட்டின பூவும் கொட்டினால்தான் யோசிக்கணும். வெயில் கடுமை, தண்ணீர் விட்டு விட்டுக் கொடுப்பது, இல்லாவிட்டால் வண்டு வராதது. கத்தரிப் பூவின் மகரந்தப் பை மற்றப் பூக்கள் மாதிரி நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் இரண்டு பொட்டு ஓட்டைதான். உள்ளிருக்கும் பொடி வெளியே வர யாராவது உலுக்கணும். பெரிய கருவண்டு பூவைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே 'ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். அடிவயிற்றில் மஞ்சள் பொடி கொட்டும். நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் இதே வேலை செய்யும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காட்டு வண்டுதான் கத்தரிக்கு வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் ஓட்டை போட்டுக் குடியிருக்கும். சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு காய்ந்த கட்டை கிடந்தால் கிடக்கட்டும், சுத்தம் செய்கிறேன் என்று எரித்துவிடாதீங்க.

நகரத்தில் வண்டு குறைவு. காலை எட்டு மணிக்கு முன்னால் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டி விடுங்க. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஆறு செடிக்கும் சேர்த்து இரண்டு நிமிசம்.

ஆகஸ்ட் 30

கேட்காமலே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதத்தில் அது வரும். தண்டு, காய்த் துளைப்பான். நல்லாயிருந்த செடியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் மத்தியானத்தில் தலை சாய்ந்து நின்றால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றாதீங்க. வாடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கிள்ளி எடுத்துப் பிளந்து பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னப் புழு இருக்கும். கிள்ளியதைச் செடியடியில் போடக் கூடாது, சோப்புத் தண்ணீரில் போடணும். காயில் பெரிய ஓட்டை தெரிந்தால் புழு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அது உள்ளே போன வழி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, மூடியும் போயிருக்கும்.

பெரிய தோட்டத்தில் இந்தப் புழுவுக்காக மருந்து அடித்தே மாய்கிறார்கள். சந்தைக் கத்தரியில் மருந்து அதிகம் என்ற பேச்சு இந்த ஒரு புழுவால் வந்தது. ஆறு செடிக்கு இரண்டு கை போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிள்ளுங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து சாயங்காலத்தில் தெளிக்கலாம். இலைகள் எல்லாம் சின்னச் சின்னதாகக் கொத்து மாதிரி வந்து பூவே இல்லாமல் ஒரு செடி நின்றால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்பும். அந்தச் செடியை மட்டும் இரக்கம் பார்க்காமல் வேரோடு எடுத்துவிடுங்க, மற்ற ஐந்தும் பிழைக்கும்.

செப்டம்பர் 3 – கோபியிலிருந்து ஒருவர்

இந்தப் புழுவுக்குத்தானே பி.டி. கத்தரி கொண்டுவந்தாங்க? அது வந்திருந்தா இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே?

செப்டம்பர் 3

ஆமாங்க, இதே புழுவுக்குத்தான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, தின்கிற புழு சாகிற மாதிரி செய்த கத்தரி அது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணு பொறியியல் குழு ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். வங்கதேசத்தில் 2014 முதல் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். இங்கே பி.டி. மரபணுவைச் சேர்க்க எடுத்த ரகங்களில் நம்ம கோ 2 வும் ஒன்று. எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே நிலைதான். நெகமத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ஒரு காய்க்கு என்ன நடக்கணும் என்பதில் அவர்கள் வீட்டு விதைப் பானைக்கும் ஒரு பங்கு இருக்கணும். பெரிய பண்ணையின் மருந்துச் செலவு நிஜமான பிரச்சினை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே பேசுவது ஆறு செடி. அதற்குக் கிள்ளுவதே போதும்.

செப்டம்பர் 21 – திருப்பூர்

முதல் பறிப்பு! ஒன்றரைக் கிலோ இருக்கும். மாமியார் கடைஞ்சு கொடுத்தாங்க. போன வருசம் பத்து வகை வெச்சப்ப ஒரு நேரத்துக் குழம்புக்குக்கூடத் தேறல.

செப்டம்பர் 21

படித்ததும் மனசு நிறைந்துபோச்சு தங்கச்சி. காம்பில் வாடல் இல்லாமல், தோலை அமுக்கினால் திரும்ப எழும்புகிற பக்குவத்தில் பறியுங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விட்டு வைக்காதீங்க, பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த பூ வரும். மிஞ்சினால் அரிசியும் பருப்பும் சோற்றில் நாலாக அரிந்து போடுங்க. எங்க அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சின்ன வெங்காயத்தோடு காயையும் எண்ணெயில் சுருட்டிவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாங்க. காய் கரையாமல், ஆனால் கரண்டி பட்டால் உடைகிற மாதிரி நிற்கும்.

அக்டோபர் 18

விதை எடுக்கிற நேரம் வந்துவிட்டது, அதனால் மே மாதம் எழுதியதில் கொஞ்சம் சேர்க்கணும். ஒரே ரகம் என்றால் கவலை இல்லை என்றேன். உங்க வீட்டைப் பொறுத்தவரை சரி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது வேறு கத்தரி வைத்திருந்தால் கருவண்டுக்குச் சுவர் கிடையாது. அப்படியென்றால் விதைக்கு விடப்போகிற மொட்டை, விரிவதற்கு முந்தின சாயங்காலமே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்க. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பைதான். மறுநாள் காலை பையோடு சேர்த்துச் சுண்டிவிடுங்க. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டுங்க, இல்லையென்றால் வீட்டில் யாராவது பறித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.

விதைக்காயைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய காயைப் பார்க்காதீங்க, செடியைப் பாருங்க. ஆறில் எது முதலில் காய்த்தது, எதில் புழு குறைவு, எது உங்க உப்புத் தண்ணீரைச் சட்டை செய்யாமல் நின்றது? அந்தச் செடிதான். முடிந்தால் இரண்டு மூன்று செடியிலிருந்து ஒவ்வொரு காய் எடுங்க. உங்க மண்ணையும் உங்க தண்ணீரையும் தாங்கியதாகப் பார்த்து நாலைந்து வருசம் தொடர்ந்து எடுத்தால் அந்த விதை உங்க வீட்டுக்கென்றே பழகி வரும். நெகமத்தில் நடந்தது இதுதான். வேறு எந்தக் கடையிலும் அந்த விதை கிடைக்காது.

அக்டோபர் 19 – மூலனூர் நண்பர்

கத்தரிக்காய் முத்தினா சந்தைக்கு வந்துதானே ஆகணும்!

அக்டோபர் 19

விதைக்காய் மட்டும் வராதுங்க, வீட்டிலேயே முற்றட்டும்!

நவம்பர் 27

காய் முழுக்க மஞ்சளாகி, தோல் மங்கி, கையில் எடுத்தால் கனம் குறைந்த மாதிரி இருக்கிறதா? பறித்து நிழலில் ஒரு வாரம் வையுங்க, உள்ளே விதை இன்னும் முற்றும். பிறகு அறுத்து, சதையோடு தண்ணீரில் பிசையுங்க. மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதை எடுத்து, துணியில் பரப்பி நிழலில் காய வையுங்க. காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். ஈரம் போனதும் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத சின்னப் பாட்டிலில். அம்மிச்சி வீட்டில் பீர்க்கன், சுரை விதையைச் சாணி வரட்டியில் பதித்துக் கட்டுத்தறிச் சுவரில் அடித்து வைப்பாங்க. கத்தரியை முழுக் காயாகவே அடுப்புக்கு மேலே விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவாங்க, புகை பட்டுப் பட்டுப் பூச்சி அண்டாது. கேஸ் அடுப்புக்கு மேலே அது ஆகாது, பாட்டில்தான் வசதி.

டிசம்பர் 9

கோவை நண்பர் மறுபடி: "இரண்டு ரகம் வைத்தால் என்ன, ஒன்றுக்குப் பை கட்டிவிட்டால் போதாதா?" போதும். செய்யலாம். பை கட்ட, நூல் கட்ட, எந்தச் செடி எது என்று குறித்து வைக்க நேரம் இருப்பவர்கள் தாராளமாக இரண்டு வையுங்க. கேட்டவர் வேலைக்குப் போகிறவர். அவருக்கு ஒன்றுதான், அதில் எனக்கு மாற்றம் இல்லை. இன்னும் சொன்னால், ஒரு தெருவில் பத்து வீடு ஆளுக்கொரு ரகம் என்று பிரித்துக்கொண்டு விதையை மாற்றிக்கொண்டால் தெருவுக்குள்ளேயே பத்து ரகம் பிழைக்கும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் பை வேண்டும், அவ்வளவுதான். வேறு வேறு காய் என்றால் அதுவும் வேண்டாம். கத்தரி ஒரு வீடு, வெண்டை ஒரு வீடு, அவரை ஒரு வீடு.

ஜனவரி 22 – திருப்பூர்

காய் குறைஞ்சிருச்சு, இலை எல்லாம் பழசா இருக்கு. பிடுங்கிட்டு புது விதை போடவா, கவாத்து பண்ணவா? அப்புறம், ஆபீஸ்ல மூணு பேர் விதை கேக்கறாங்க.

ஜனவரி 22

இரண்டையும் செய்யுங்க. ஆறில் நல்ல நாலைக் கவாத்து செய்யுங்க. மற்ற இரண்டைப் பிடுங்கி, அந்த இடத்துக்கு இப்பவே நாற்று விடுங்க, டிசம்பர்–ஜனவரிப் பட்டம் முடியப் போகிறது.

கவாத்துக்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்க. தரையிலிருந்து முக்கால் அடி விட்டு, கணுவுக்கு மேலே கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டுங்க. துருப்பிடித்த அரிவாள் வேண்டாம், தண்டு பிளந்தால் அழுகல் வரும். வெட்டுவாயில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவுங்க. வெட்டின கிளையில் துளைப்பான் புழு இருக்கும், அங்கேயே மக்கப் போடாமல் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் எரித்துவிடுங்க. ஒவ்வொரு தூரிலும் இரண்டு கை ஆட்டு எரு வைத்து மண் அணையுங்க. பத்து நாளில் பக்கக் கிளை வெடிக்கும். அதில் நல்லதாக நாலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்க.

ஆபீஸ்காரர்களுக்குக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு சிட்டிகை போதும், ஒரு கிராமிலேயே இருநூறு விதைக்கு மேல் இருக்கும். கவரின் மேல் 'வரிக்கத்தரி, நவம்பர் விதை' என்று எழுதிக் கொடுங்க. மொத்தத்தையும் கொடுத்துவிடாதீங்க. பாட்டிலில் பாதி எப்போதும் இருக்கட்டும், ஒரு வருசம் செடி கைவிட்டாலும் அடுத்த பட்டத்துக்கு விதை வேணும்.